மலேயாக்காரி வீட்டுப் பள்ளிக்கூடம்

காலையில் பள்ளிக்கூட மணி அடித்ததும் மானாம்பதித் தெருவில் கதவுகள் திறக்கும். சிலேட்டும் பையுமாகப் பிள்ளைகள் ஓடுவார்கள். அதே மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தப்படும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த என் பிள்ளைகள் உள்ளே வந்து கால் கழுவிக்கொண்டு பாயில் உட்காருவார்கள். போன ஜூன் மாதம் வரைக்கும் இப்படித்தான் நடந்தது. வந்த புதிதில், குழாயடிக்குப் போகும் பெண்கள் எங்கள் ஜன்னலருகே நின்று எட்டிப் பார்ப்பார்கள். "இன்னாம்மா, பசங்களுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். "படிக்கிறார்கள்" என்றேன். அவள் மணிச் சத்தம் வந்த திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். மறுநாள் அவளே ஒரு தாயத்து வாங்கிவந்து கொடுத்தாள்.

ஈப்போவிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் இன்னும் இருப்பவர்களுக்கும், எங்களைப்போல் வேலை பர்மிட் கிடைக்காமல் பினாங்கில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அங்கே பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். என் கணவர் மாணிக்கம் மானாம்பதியில் பிறந்து, இளவயதில் மலேயாவுக்கு வந்து, கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக உயர்ந்தவர். சிவப்பு அடையாள அட்டைக்காரர், குடியுரிமை இல்லாதவர். பர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று சட்டம் வந்தபோது அவருக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. நான் திரும்பவில்லை. எனக்கு அது திரும்புதல் ஆகாது. ஒன்பது வயது மலர்க்கொடியையும் நாலு வயது செல்வத்தையும் கூட்டிக்கொண்டு, நான் பார்த்தே இராத ஓர் ஊருக்கு வந்தேன்.

ஊர் எங்களை மோசமாக நடத்தியது என்று சொல்ல மாட்டேன். கணவரின் அண்ணனைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். அவர் தன் வீட்டை ஒட்டிய ஓட்டு வீட்டைக் காலிசெய்து கொடுத்தார். அவர் மனைவி சரோஜா அக்கா முதல் மாதம் முழுக்கச் சோறு போட்டாள். கணவருக்கு உத்திரமேரூர் நெல் மண்டியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பேச்சுதான் இடித்தது. நான் "பசியாறியாச்சா?" என்றால் அவர்கள் நான் பட்டினி கிடப்பதாக நினைத்துத் தட்டு வைத்தார்கள். அவர்கள் "நாஷ்டா ஆச்சா?" என்றால் நான் எதையோ நஷ்டப்படுத்திவிட்டேனோ என்று திகைத்தேன். ஒருமுறை சரோஜா அக்காவிடம், "அங்கே கைப்பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன்" என்றேன். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் பெண்ணைச் சொன்னேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. "உங்க ஆயா இன்னும் உசுரோட கீறாங்களா? அந்த வயசுல வுட்டுட்டு வந்துட்டியேம்மா!" என்றாள். இங்கே ஆயா என்றால் பாட்டி. இல்லாத பாட்டியைக் கைவிட்டு வந்தவள் என்று அந்தத் தெருவில் எனக்குக் கொஞ்ச நாள் பெயர் இருந்தது. இதையெல்லாம் சிரித்துக் கடந்தேன். சிரிக்க முடியாதது பள்ளிக்கூடத்தில் நடந்தது.

உதவி பெறும் தொடக்கப் பள்ளி அது. தலைமையாசிரியரை ஊரில் எல்லோரும் பெரிய வாத்தியார் என்பார்கள். நிலமும் செல்வாக்கும் உள்ளவர். மகனையும் அங்கேயே ஆசிரியராகப் போட்டிருந்தார். நான் மலரைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது பெரிய வாத்தியார் வகுப்பில் இருந்தார். மலேயாவில் நாலாம் வகுப்பு முடித்தவள் அவள்.

"ரெக்கார்டு ஷீட் கீதா?" என்றார்.

தோட்டப் பள்ளியில் கொடுத்த தாளை நீட்டினேன். பாதி மலாயில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? கப்பல்ல வந்துட்டா அஞ்சாவதுல குந்த வச்சிடணுமா? ஒண்ணாங் கிளாஸ்ல குந்தட்டும். அப்பால பாக்கலாம்."

ஒன்பது வயதுப் பெண்ணை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மலர் எழுந்து நின்று, அங்கே பழகிய மரியாதையில், "சரி, சிக்கு" என்றாள். நம்மூரில் ஆசிரியரை மலாயில் அப்படித்தான் அழைக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"இன்னா சொன்னே? யாரப் பாத்து சிக்குன்றே?"

"ஐயா, அது அங்கே வாத்தியாரைக் கூப்பிடுகிற சொல்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரம்பு எழுந்தது. இரண்டு உள்ளங்கையிலும் மாறி மாறி அடித்தார். மலர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. ஏன் அடிக்கிறார் என்று புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிரம்பைப் பிடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. வகுப்பைப் பார்த்து, "சிக்குப் புடிச்ச தலையோட வந்துட்டு நம்மள சொல்றாளாம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று மாலையே தெருவில் அவளுக்குச் சிக்கு என்று பெயர் வந்துவிட்டது. கடைக்கு அனுப்பினால் பின்னாலேயே நாலு பேர் "சிக்கு, சிக்கு" என்று ஓடினார்கள்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாத்தியாரு அடிச்சா இன்னா? நம்ம பசங்களயும்தான் அடிக்கிறாரு. நீ பிரம்பப் புடிச்சதுதான் தப்பு. போயி ரெண்டு வார்த்த நல்லபடியா பேசிட்டு வந்துடு."

"போக மாட்டேன் மாமா" என்றேன். "என் வயிற்றில் பிறந்தது எதுவும் அந்த ஆள் இருக்கிறவரை அந்தப் படியேறாது."

"அப்ப படிப்பு?"

"நான் இருக்கிறேன்."

அடுத்த வாரம் காஞ்சிபுரம் போன என் கணவர் ஐந்தாம் வகுப்புப் பாடப் புத்தகங்களை வாங்கிவந்து பாயில் வைத்தார். அவர் எனக்குச் செய்த உதவிகளில் இதுதான் பெரிது.

அங்கே நான் பாடம் நடத்தியது பிள்ளைகள் மேலுள்ள அன்பினால், சம்பளத்துக்காகவும்தான். இங்கே நடத்தியது பகையினால். அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காலையில் எழுந்திருக்கப் பிடிக்காத நாட்களில் அந்தப் பிரம்பை நினைத்துக்கொள்வேன், எழுந்துவிடுவேன். மலருக்கு ஒரு பின்னக் கணக்குத் தப்பினால், "அந்த ஆளுக்கு முன்னால் இப்படித் தப்புச் செய்வாயா?" என்று கேட்பேன். எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வைத் தனியாக எழுதலாம், அதில் தேறினால் நேரே உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவதில் சேரலாம் என்று கணவர் மண்டியில் விசாரித்துக்கொண்டு வந்தார். அதுதான் குறி. அந்தத் தொடக்கப் பள்ளியின் நிழலில்கூட ஒதுங்காமல் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

பாடத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. என் தலையிலிருந்த கணக்குகள் எல்லாம் மலேயாப் பணமான வெள்ளியிலும் காசிலும் இருந்தன. ரம்புத்தான் பழக் கூடை, ரப்பர்ப் பால் வாளி, தோட்டத்து லயத்தின் வரிசை வீடு என்று வரும். அவற்றை ரூபாய், நெல் மூட்டை, ஏரிப் பாசனம் என்று மாற்றி எழுதினேன். தெரியாமல் பழையது நுழைந்துவிடும். "ஒருவன் பத்துக் கட்டை தூரம் நடந்தான்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். நம்மூரில் கட்டை என்றால் மைல். இங்கே பிறந்த என் மூன்றாவது பிள்ளை கண்ணன் சிலேட்டில் பத்து விறகுக்கட்டை போட்டு, மேலே ஒரு மனிதனை நிற்க வைத்திருந்தான்.

கண்ணன் பிறந்த வருடம் நேர அட்டவணை தலைகீழானது. தூளிக்கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே மலருக்குப் பூகோளம் சொன்னேன். செல்வத்துக்கு எழுத்துச் சொல்லும் வேலை மலருக்குப் போனது. பிறகு கண்ணனுக்கு எண் சொல்லும் வேலை செல்வத்துக்கு வந்தது. கடைசியாகப் பூங்கொடி பிறந்தபோது வீட்டில் நாலு பிள்ளைகள், மூன்று வகுப்பு, ஒரே பாய். அடுப்படியிலிருந்து நான் கேள்வி கேட்பேன், கூடத்திலிருந்து பதில் வரும். பெரியவர் நிலத்தில் நடவு, அறுப்பு என்றால் நானும் போயாக வேண்டும். ஆகவே சம்பா நடவு நாட்களில் விடிவதற்கு முன்பு ஒரு பாடம், வெயில் தாழ்ந்தபின் ஒரு பாடம். மல்லாக்கொட்டை என்ற நிலக்கடலையை விதைக்கு உரிக்கும் மாதத்தில் வாய்ப்பாடு மட்டும். கை உரிக்கும், வாய் சொல்லும். நெல் அவிக்கிற நாளில் விடுமுறை. தோட்டத்துப் பள்ளியில் என் அட்டவணை சுவரில் தொங்கும், யாரும் தொட முடியாது. இங்கே ஏரியும் வயலும் என் வயிறும் சேர்ந்து அதை எழுதின.

சரித்திரத்துக்கு உத்திரமேரூர் கோயில் சுவரையே காட்டினேன். பழைய காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதியெல்லாம் அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய சொந்தக்காரர்களும் மறுபடி நிற்க முடியாது என்று அதில் உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்தபோது செல்வம் கேட்டான்: "அப்ப பெரிய வாத்தியாரும் அவர் பையனும் நிற்க முடியாதில்ல?" நான் கற்றுக்கொடுத்த சரித்திரம் அதுதான். அவன் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தான்.

மலர் எட்டாம் வகுப்புத் தேர்வில் தேறினாள். உத்திரமேரூரில் ஒன்பதாவதில் சேர்ந்தாள். கடையில் சர்க்கரை வாங்கி, தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். பெரிய வாத்தியார் வீட்டுக்கு நானே போனேன். அவர் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் உள்ளேயிருந்து வரவில்லை. அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஆனால் போதவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மாலை நேரம். கண்ணன் பாயில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நாற்காலி போட்டேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவர் உடம்பு இளைத்திருந்தது.

"நாளன்னிக்கி டெப்டி இன்ஸ்பெக்டர் வராரும்மா. பக்கத்து ஊர்ல புதுசா கவுர்மெண்டு இஸ்கூலு வந்துட்சி, பசங்க கொறஞ்சி பூட்டாங்க. தல எண்ணிக்க கொறஞ்சா ஒரு போஸ்ட்ட எடுத்துடுவாங்க. கடசியா சேந்தது எம் புள்ளதான். உம் பசங்க ரெண்டு பேரும் ஒரே ஒரு நாளு வந்து குந்திட்டு வரட்டும். நாலு ஊருலேர்ந்து பசங்களக் கூட்டியாரச் சொல்லிக்கீறேன்."

காலித் தம்ளரை வாங்கி வைத்தேன். பிறகு கேட்டேன்: "என் மூத்த மகளை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"உங்கள் பள்ளிக்கு ஒருநாள் வந்தாள். நீங்கள் கையில் அடித்தீர்கள்."

அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். "எத்தினியோ பசங்கள அடிச்சிக்கீறேம்மா. எத்தயின்னு நெனப்பு வச்சிக்கிறது?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், நானும் சிரிப்பேன் என்று.

அவருக்கு ஞாபகம் இருந்து, அதை மறைத்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனோ என்னவோ. ஏழு வருடமாக நான் ஒவ்வொரு காலையும் ஏந்தி நின்ற ஒன்று அவரிடம் இல்லவே இல்லை.

"அனுப்புகிறேன் சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலை செல்வத்துக்கும் கண்ணனுக்கும் எண்ணெய் வைத்துத் தலைசீவி, துவைத்த சட்டை போட்டுவிட்டேன். "யார் எதைக் கேட்டாலும் உண்மையை மட்டும் சொல்லுங்கள். ஒன்றும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. பூங்கொடியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் போய் நின்றேன். வகுப்பு ஜன்னல் அங்கிருந்து நன்றாகத் தெரியும், குரலும் கேட்கும். இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். ஆறு வயதுக் கண்ணன்தான் கை தூக்கினான். போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

"பேஷ்! யாருப்பா சொல்லிக் கொடுத்தது? எந்த சார்?"

"எங்கம்மா சார்."

"வீட்டிலேயா? சார் ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"நான் இன்னிக்கித்தான் சார் இங்க வந்துக்கீறேன். நாளைக்கி வர வேணாம்."

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடுத்த பிள்ளையிடம், "உனக்கு எந்த ஊர்?" என்றார். பிறகு அதற்கடுத்த பிள்ளையிடம். ஒவ்வொன்றும் எழுந்து நின்று தன் ஊர்ப்பெயரைச் சத்தமாகச் சொன்னது. பெரிய வாத்தியார் சுவரோரம் நின்றிருந்தார். அவர் கை மேசைமேல் எதையோ தேடிக்கொண்டேயிருந்தது. நான் கடைசிவரை நின்று பார்த்தேன். ஒரு நொடியையும் விடவில்லை.

மகனுக்கு வேலை போயிற்று. அவன் மெட்ராசுக்குப் போய்க் கடையொன்றில் சேர்ந்தான். அந்த வருட முடிவில் பெரிய வாத்தியாரும் விலகிவிட்டார். ஊர் எங்களோடு பேசுவதை நிறுத்தியது. சரோஜா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் கேட்கும்படி, "ஒரு குடும்பத்து சோத்துல மண்ணப் போட்டுட்டு மலேயாக்காரி நிம்மதியா தூங்கறா" என்றாள். தூங்கத்தான் செய்தேன். பெரியவர் நடவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பருவத்தில் எங்கள் பாடங்கள் தடையில்லாமல் நடந்தன.

மலர் மட்டும் என்னை வேறு விதமாகப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளியிலிருந்து வந்து விஷயம் கேட்டவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"யாரைக் கேட்டு செஞ்சீங்கம்மா?"

"உனக்காகத்தானே செய்தேன்."

"அடி என் கையில விழுந்தது. நான் டீச்சர் டிரெய்னிங் முடிச்சிட்டு அந்த ஸ்கூலுக்கே போகணும்னு இருந்தேன். தினமும் அவர் எதிர்ல நிக்கணும். அவரா ஞாபகப்படுத்திக்கணும். அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் படிச்சேன். அதை எடுத்து நீங்க செலவு பண்ணிட்டீங்க." சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

என் பகையை அவளுக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் என்னைவிடப் பொறுமையாகப் படித்திருக்கிறாள். பள்ளியிறுதி முடிந்ததும் டிரெய்னிங் வேண்டாம் என்றாள். ஈப்போவிலிருக்கும் என் தம்பி கூப்பிட்டான். அவளும் செல்வமும் அங்கே பிறந்தவர்கள், அங்கத்துக் குடிமக்கள். அவள் கிளம்பிப்போனாள். இன்று பினாங்கில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். செல்வமும் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்ணனும் பூங்கொடியும் இங்கே பிறந்தவர்கள், எங்கும் போக முடியாது, போகவும் விரும்பவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு.

பெரிய பிள்ளைகள் உத்திரமேரூர்ப் பள்ளிக்கு நகர்ந்தபின் பாயில் பூங்கொடி மட்டும் மீந்தாள். ஒற்றைப் பிள்ளைக்கு வகுப்பு நடத்துவது எனக்கு வரவில்லை. அவளும் உட்காரவில்லை. மணி அடித்தால் அவள் கால் வாசல் பக்கம் போகும். ஒருநாள் தேடிக்கொண்டு போனபோது பள்ளி வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உள்ளேயிருக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து கத்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் உள்ள கீறாங்க, நான் மட்டும் வெளியே குந்திக்கினு கீறேன்" என்று அழுதாள். இந்த ஊர்த் தமிழில்தான் அழுதாள். பெரிய வாத்தியார் பள்ளியை விட்டு விலகி ஐந்து வருடமாகிவிட்டது, உன் சபதம் முடிந்த கதைதானே என்றார் கணவர். முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் போன ஜூனில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் பெரிய வாத்தியார் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பள்ளிக்குள் நுழைவதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லி, பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. செய்வேன்.

புதுத் தலைமையாசிரியை செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். என்னைப் பற்றி எதுவும் அறியாதவள். உட்காரச் சொன்னாள். பூங்கொடியின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

"சொந்த ஊரு?"

"மானாம்பதி" என்று பூங்கொடி கத்தினாள். அதே நொடியில் என் வாய் "ஈப்போ" என்றது.

டீச்சர் எழுதாமல் நிமிர்ந்தாள். "இன்னாம்மா, எத்தப் போடறது?" என்றாள். நான் பூங்கொடியைப் பார்த்தேன். அவள் என் சேலையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.